அட்டைக் காசோலை

ஆர்லன் ஸ்டீன்விக் எந்தத் தாளையும் உரக்கப் படிக்காமல் அதில் கையெழுத்திடமாட்டார். மனத்துக்குள் படிப்பதை அவர் படிப்பு என்றே ஒப்புக்கொள்வதில்லை. வங்கியிலோ, கார் விற்கும் கடையிலோ, நாய்க்குத் தடுப்பூசி போடுமிடத்திலோ, நின்ற இடத்திலேயே கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி, தேவாலயத்தில் வேதம் வாசிக்கும் அதே குரலில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிப்பார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் விடும் பெருமூச்சு அவர் காதில் விழும். விழுந்தால் இன்னும் நிதானமாக வாசிப்பார். அவர் மனைவி மார்லிஸ் இதற்கென்றே கைப்பையில் நூலும் ஊசியும் வைத்திருப்பாள். "நீ படிச்சு முடி. நான் கார்ல உக்காந்து பின்னிக்கிட்டிருக்கேன். நீ வர்றதுக்குள்ள ஸ்வெட்டருக்குக் கழுத்து வந்துடும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவாள்.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் வருமான வரிக் கணக்கையும் அவரே எழுதுவார். சமையலறை மேசையைத் துடைத்து, கன்னத்தில் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, முதலில் பென்சிலால், பிறகு பேனாவால். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு மேலே ஓர் உறுதிமொழி இருக்கும். இதில் கண்டவை யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மையானவை, சரியானவை, முழுமையானவை. பொய்யெனில் தண்டனைக்கு உட்படுவேன் என்று பொருள்படும் வாசகம் அது. நாட்டில் கோடிப்பேர் கண்ணை ஓட்டாமல் கடந்துபோகும் அந்த வாசகத்தை அவர் இருமுறை வாசிப்பார்: தமக்காக ஒருமுறை, கூடவே கையெழுத்திடும் மார்லிஸுக்காக ஒருமுறை. முடிந்ததும் மார்லிஸ் "ஆமென்" என்பாள். கேலியாகத்தான் சொல்வாள், ஆனால் சொல்லாமல் இருந்ததில்லை.

எங்கள் ஊர் நாற்காலித் தொழிற்சாலை சென்ற செப்டம்பர் இறுதியில் அவருக்கு விடைகொடுத்தது. பஞ்சுமெத்தைகளைப் பசையிட்டு ஒட்டும் பகுதியில் இளமை முழுவதையும் கழித்தவர். அறுபத்தைந்தைக் கடந்தும் இன்னும் சில ஆண்டுகள் நின்று உழைத்தார். விடைபெறும் விருந்துக்கு என்னையும் அழைத்திருந்ததால் போயிருந்தேன். நிறுவனத்தின் அடையாள நிறம் நீலம் என்பதற்காகக் கேக்கின்மீது விரற்கடை உயரத்துக்கு நீலக் கிரீம் பூசியிருந்தார்கள். தின்ற அனைவருக்கும் உதடும் நாக்கும் பல்லும் நீலமாயின. மேலாளர் ஒருவர் நீல வாயைத் திறந்து, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். சுற்றிலும் நீல வாய்கள் சிரித்தன.

பிறகு பரிசு வந்தது. ஆளுயரத்தில் பாதியளவு இருந்த ஓர் அட்டைக் காசோலையை இருவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆயிரத்து ஐந்நூறு டாலர். அதைக் கையில் கொடுக்கவில்லை. ஆர்லனுடைய மருத்துவச் சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தார்கள். வேலையில் இருப்பவர்கள் வைத்தியச் செலவுக்கென்று வரியில்லாமல் பணம் ஒதுக்கிவைக்கும் கணக்கு அது. வாரச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் அதில் போகும். நிறுவனமும் கொஞ்சம் போடும். இந்த முறை விடைபெறும் பரிசையும் அதிலேயே போட்டுவிட்டார்கள். அட்டையின் அடியில், பணியாளர் நலப்பிரிவின் பொறுப்பாளன் ராட்னி புல்தமாவின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலத்தில் இருந்தது. ராட்னி ஒருகாலத்தில் என் வகுப்பில் படித்தவன். முன்வரிசையில் உட்கார்ந்து, நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறவன். பதில் சரியா என்று பிறகுதான் யோசிப்பான்.

ஆர்லன் அந்த அட்டையையும் விடவில்லை. கண்ணாடியை இறக்கி, தேதியிலிருந்து கையெழுத்துவரை உரக்க வாசித்தார். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். அதன்பின் அவர் ராட்னியைக் கேக் மேசைப் பக்கம் அழைத்துப்போய் ஏதோ கேட்டதைப் பார்த்தேன். நான் காப்பிப் பாத்திரத்தின் அருகே நின்றிருந்ததால் சொற்கள் எட்டவில்லை. ராட்னி கையிலிருந்த முட்கரண்டியை ஆட்டி நீலப் பல் தெரியச் சிரித்ததும், ஆர்லன் தலையசைத்ததும் மட்டுமே எனக்குத் தெரிந்தன.

பிப்ரவரி வந்தது. பனிக்காலம் முழுவதும் எங்கள் ஊர் நூலகத்தின் பின்னறையில் முதியவர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக்கொடுக்கும் தொண்டர்களில் நானும் ஒருவன். ஒருபோதும் அங்கே வராத ஆர்லன், ஆண்டுச் சம்பளச் சான்றைக் கையில் பிடித்துக்கொண்டு அன்று வந்தார். அதைப் பிடித்திருந்த விதம், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கிவருகிறவர் போலிருந்தது. மார்லிஸ் பின்னால் நூற்பையோடு வந்தாள்.

"வாத்தியாரே, இதக் கேளு. பன்னெண்டாம் கட்டம். முதலாளி போட்ட பணம்னு போட்டிருக்கான். முதலாளி எங்க போட்டான்? பரிசுன்னு ஒண்ணு போட்டான், அதுக்கு முன்னாடி கொஞ்சம் போட்டான். மிச்சமெல்லாம் வாராவாரம் என் சம்பளத்துலேருந்து புடிச்சது. என் பணத்த எடுத்து என் பைக்குள்ளயே போட்டுட்டு, தான் குடுத்ததா எழுதியிருக்கான். இதுக்குக் கீழ நான் உண்மைன்னு கையெழுத்துப் போடணுமா?"

"வரி புடிக்கறதுக்கு முன்னாடியே கழிச்சதால, அதையும் முதலாளி போட்டதுன்னுதான் சட்டம் சொல்லுது ஆர்லன். அந்த எண்ணு சரியாத்தான் இருக்கு. நான் போட்டதுன்னு சொல்லி நீ இன்னொரு தடவ கழிச்சாதான் தப்பு."

"பேரு வெக்கறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்றார் அவர்.

"இங்கயாவது பரவால்ல. நேத்து ராத்திரி இவரு இதப் படிச்சுக் காட்டினதுல நாயே எழுந்து வெளிய போயிடுச்சு" என்றாள் மார்லிஸ்.

தொண்டர்கள் கேட்டே ஆகவேண்டிய கேள்விகள் சில உண்டு. சிரித்துக்கொண்டே அவற்றில் அடுத்ததைக் கேட்டேன்: மெடிகேர் எப்போது தொடங்கியது? அறுபத்தைந்து வயதானவர்களுக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடு அது. ஆர்லன் பணப்பையிலிருந்து அட்டையை எடுத்து, வழக்கம்போல் பெயரிலிருந்து தொடங்கி உரக்க வாசித்தார். தொடக்கம் மார்ச் முதல் தேதி என்று வாசித்தார்.

என் சிரிப்பு நின்றுபோயிற்று.

"செப்டம்பர்லதான் ஓய்வூதியத்துக்கு எழுதிப்போட்டேன்" என்றார் ஆர்லன். "அட்டை வந்த அன்னிக்கே மார்ச்சுன்னு இருக்கேன்னு பாத்தேன். இவகிட்டச் சொன்னேன்."

"முன்னாடியே குடுத்திருந்தா நல்லதுதானேன்னு நான்தான் சொன்னேன்" என்றாள் மார்லிஸ். அவள் கை பின்னுவதை நிறுத்தியிருந்தது.

நல்லதல்ல என்பதை நான் அவர்களுக்குச் சொல்லவேண்டியிருந்தது. வயது கடந்தபின் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தால் மெடிகேரும் தானாகவே ஒட்டிக்கொண்டு வரும். வரும்போது ஆறு மாதம் பின்னோக்கி நடந்து வந்து உட்காரும். மெடிகேர் தொடங்கிய மாதத்திலிருந்து அந்தச் சேமிப்புக் கணக்கில் யாரும் ஒரு காசும் போடக்கூடாது. ஆகவே மார்ச்சுக்குப்பின் அவர் சம்பளத்திலிருந்து போனதும், நிறுவனம் போட்டதும், அந்த அட்டைக் காசோலையும், எல்லாமே போடக்கூடாத பணம். அதைத் திரும்ப எடுத்து வருமானமாகக் காட்டி வரி கட்டவேண்டும். ஏப்ரல் பதினைந்துக்குள் செய்யாவிட்டால் ஆண்டுதோறும் அபராதம் தொடரும். தொகை குடும்பத்தைக் கவிழ்க்கக்கூடியதல்ல என்று சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

மெடிகேர் அட்டையைப் பணப்பையில் செருகினார். பிறகு, "நான் கேட்டேன்" என்றார்.

"யார?"

"ராட்னிய. கேக் மேசைல வெச்சு. இந்த மாசம் ஓய்வூதியத்துக்கு எழுதிப்போட்டிருக்கேன்பா, இந்தக் கணக்குல பணம் போடறதுக்கு அதனால ஏதாவது தடை உண்டான்னு கேட்டேன். வேலைய விட்டு நின்னதுக்கு அப்புறம்தான் அந்தக் கவலையெல்லாம், நீங்க கேக்கச் சாப்பிடுங்க ஆர்லன்னு சொன்னான். பல்லெல்லாம் நீலமா இருந்துச்சு அவனுக்கு."

அன்று கணக்கை முடிக்கவில்லை. தொழிற்சாலைக்குப் போய் ராட்னியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். பணத்துக்காகப் போகவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. கேட்டுவிட்டுச் செய்கிறவர் என்பதுதான் அந்த மனிதருக்கு ஊரில் இருந்த ஒரே சொத்து. ஆம், நீங்கள் கேட்டீர்கள் என்று ராட்னி ஒருமுறை சொன்னால் போதும். மிச்சத்தை அவரே கட்டிவிடுவார்.

அங்கே நடந்ததை அவர் மறுநாள் என் வீட்டுச் சமையலறையில் சொன்னார். எந்தச் சொல்லும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. வாசிப்பது போலவே சொன்னார். ராட்னியின் அறையில் எழுத்தர் பெண்கள் இருவர் இருந்திருக்கிறார்கள். இவர் நிலைமையைச் சொன்னதும் அவன் முகம் சிவந்து, பிறகு தெளிந்திருக்கிறது.

"நீங்க எங்கிட்டக் கேக்கவே இல்லையே ஆர்லன். கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே" என்றானாம். "ஓய்வூதியத்துக்கு எப்ப எழுதிப்போடறீங்கங்கறது உங்க சொந்த விஷயம். கம்பெனிக்கு அது எப்படித் தெரியும்?"

"கேக் மேசைல கேட்டேன் ராட்னி."

"அன்னிக்கு நூறு பேரு நூறு பேசினாங்க. நன்றின்னு சொன்னீங்க. அதுதான் எனக்கு ஞாபகம்." பிறகு குரலைத் தாழ்த்தி, முதுகில் தட்டி, "எதுக்கு இதப் பெருசாக்கறீங்க? அந்தக் கட்டத்துல இருக்கறத அப்படியே எடுத்து எழுதுங்க. மெடிகேர் தேதியப் பத்தி வரி ஆபீஸ்ல யாரும் கேக்கப்போறதில்ல. டுவேன், ஹார்வ் எல்லாரும் அப்படித்தான் அனுப்பிட்டாங்க. ஒரு வம்பும் வரல" என்றானாம்.

டுவேனும் ஹார்வும் அதே ஆண்டில் அதே கேக்கைத் தின்று, அதே மாதிரி அட்டைக் காசோலையை வாங்கி ஓய்வுபெற்றவர்கள். அவர்கள் கணக்கிலும் அதே பிழை இருப்பதை அவன் அறிந்திருக்கிறான் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துபோயிற்று.

"முதுகுல தட்டினான் வாத்தியாரே. வீட்டுக்கு வந்ததும் சட்டையக் கழட்டித் துணிக் கூடையில போட்டேன்" என்றார் ஆர்லன்.

எனக்கு ஒரு கதை நினைவுக்கு வந்தது. வகுப்பில் பிள்ளைகளுக்காக நானே கட்டியது. வயதான எருது ஒன்றை நுகத்திலிருந்து அவிழ்த்துவிட்ட நாளில், கரடி அதன் கழுத்தில் ஒரு தேனடையைத் தொங்கவிட்டது. காட்டிலுள்ள விலங்குகள் எல்லாம் கால்தட்டி ஆரவாரித்தன. எருது வீடு திரும்பும் வழியில் தேனீக்கள் வந்தன. கூட்டைக் கலைத்தது யார் என்று அவை விசாரிக்கவில்லை. தேன் யார் கழுத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்த்தன. முகமெல்லாம் வீங்கிய எருது திரும்பிவந்து கேட்டபோது, 'வேண்டாம் என்று நீ சொல்லவில்லையே' என்றது கரடி.

ஆர்லன் கதையைக் கவனமாகக் கேட்டார். "எருது தேன் திங்காதே" என்றார்.

"அதனாலதான் அதோட கழுத்துல கட்டுச்சு" என்றேன்.

அதன்பின் நாள் போகப்போக அவருக்குள் இருந்தது கோபமாக இருந்திருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். கோபம் வந்தவன் கத்துவான், பிறகு பசிக்கும். இவருக்கு வந்தது அருவருப்பு. அது எல்லாவற்றிலும் ஊறியது. தேவாலயத்தில் காணிக்கைத் தட்டை வரிசை வரிசையாகக் கொண்டுவருகிறவர்களில் ராட்னியும் ஒருவன். ஆர்லன் குடும்பம் உட்காரும் வலப்பக்க வரிசை அவனுடையது. அந்த ஞாயிறு ஆர்லன் எழுந்து, நடுவழியைத் தாண்டி, இடப்பக்கம் போய் உட்கார்ந்தார். எங்கள் சபையில் ஒரு குடும்பம் பக்கம் மாறுவது ஊர் மாறுவதற்குச் சமம். மார்லிஸ் பழைய இடத்திலேயே தனியாக உட்கார்ந்து, அவன் நீட்டிய தட்டில் உறையைப் போட்டாள். பிரசங்கம் தொடங்கும்போது வரிசை நெடுகக் கைமாறும் பெப்பர்மின்ட் பொட்டலம் அன்று அவளோடு நின்றுபோயிற்று. சபை முழுதும் பார்த்தது. ஏன் என்று ராட்னியிடம் கேட்டிருப்பார்கள் போலும். ஆர்லன் ஏதோ விவரத்தைச் சொல்லாமல் மறைத்துவிட்டு இப்போது நிறுவனத்தின்மேல் பழிபோடுகிறார் என்ற பேச்சு அடுத்த வாரத்துக்குள் கடைக்குக் கடை நடந்தது.

ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது மார்லிஸ் வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"சோத்த ஒழுங்காத் திங்கறதில்ல. நீலமா எதப் பாத்தாலும் மூஞ்சத் திருப்பிக்கறாரு. எங்க அம்மா குடுத்த நீலப் பூப்போட்ட தட்டையெல்லாம் மேல் அலமாரில ஏத்திட்டேன். 'வரி எவ்வளவோ கட்டித் தொலைச்சிடலாம் ஆர்லன், அந்தப் பயலோட வாய்ல உண்மை வரும்னு நீ ஏன் காத்திருக்கே'ன்னு கேட்டா, 'காத்திருக்கல மார்லிஸ், கசக்குது'ங்கறாரு."

"எங்க அவரு?"

"கராஜ்ல. அந்தப் பரிச என்ன பண்ணியிருக்காருன்னு போய்ப் பாருங்க."

பனி தள்ளும் இயந்திரம் அவருக்கு நெடுங்காலமாக எண்ணெய் ஒழுக்கும். கராஜின் சிமென்ட் தரையில் அது கறை போடாமல் இருக்க, அட்டைக் காசோலையை அதன் அடியில் விரித்திருந்தார். எழுத்துகள் மேலே பார்க்கும்படிதான் விரித்திருந்தார். தொகை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் ஊறியிருந்தது. "முதல் தடவையா ஒரு வேலைக்கு ஆகியிருக்கு" என்றார்.

மார்ச் இறுதியில் ஆர்லனும் மார்லிஸும் நூலகத்துக்கு வந்தார்கள். வங்கியில் எழுதிக்கொடுத்து அதிகப்படியான பணத்தை எடுத்திருந்தார். மார்ச்சுக்கு முந்தைய இரண்டு மாதங்களுக்கு உரியதை மட்டும் கணக்கில் விட்டிருந்தார். பன்னிரண்டாம் கட்டத்து எண்ணைப் படிவத்தில் அதற்குரிய இடத்தில் எழுதினேன். போடக்கூடாத பங்கைப் பிரித்து வருமானத்தில் சேர்த்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவர் முன் வைத்தேன். அறையில் வேறு நாலைந்து முதியவர்கள் காத்திருந்தார்கள். ஆர்லன் எழுந்து நின்றார். உண்மையானவை, சரியானவை என்று வாசித்துக்கொண்டே வந்தவர், முழுமையானவை என்ற சொல்லில் நின்றுவிட்டார்.

"முழுமைன்னு போட்டிருக்கே வாத்தியாரே. நான் கேட்டதும் அவன் சொன்னதும் இதுல எங்க வருது?"

"அதுக்குக் கட்டம் இல்ல ஆர்லன்."

"ஒரு ஓரத்துல எழுதலாமா?"

"எழுதலாம். படிக்கறதுக்கு அங்க ஆளில்ல."

அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காத்திருந்தவர்களில் ஒருவர்கூடப் பெருமூச்சு விடவில்லை. பிறகு குனிந்து கையெழுத்திட்டார். மார்லிஸும் இட்டாள். வழக்கமான "ஆமென்" அவள் வாயில் எழுந்து, வெளியே வராமலே போயிற்று.

ஏப்ரல் முதல் செவ்வாய், தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவர்கள் டோரியின் உணவகத்தில் கூடும் காலைச் சாப்பாட்டு நாள். நான் தொழிற்சாலைக்காரன் அல்ல. ஆனால் அவர்களில் பாதிப்பேரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. ஆர்லன் வரவில்லை. அவர் நாற்காலியில் ஹார்வ் தன் கோட்டைப் போட்டிருந்தார்.

"புனிதர் ஆர்லன் இன்னிக்கும் நம்மளோட சாப்பிட மாட்டாராக்கும்" என்றார் டுவேன், தொத்திறைச்சியை வெட்டிக்கொண்டே. "கூப்பிட்டுக் குடுத்த பணத்துக்குத் தானே போய் வரி கட்டினாராமே! கம்பெனி குடுத்தது ஆயிரத்தைந்நூறு, இவரு அதுக்குப் போட்ட பெட்ரோலே அம்பது டாலர் இருக்கும்."

"உனக்கென்ன, அந்தாளு மெனு அட்டையையே முழுசாப் படிச்சுட்டுத்தான் காப்பி கேப்பாரு" என்றார் ஹார்வ்.

"அதப் படிச்ச மனுஷன் மெடிகேர் அட்டையப் படிக்கலையா? ராட்னிகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? கேக்காம விட்டுட்டு இப்ப..."

"கேட்டாரு."

எல்லாரும் திரும்பினோம். ராட்னி கதவருகே நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது, கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பணியில் இருக்கிறவர்கள் அந்தச் சாப்பாட்டுக்கு வருவதில்லை. டோரி காப்பிக் கூஜாவைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"அவரு கேட்டாரு டுவேன். கேக் மேசைல வெச்சு, தெளிவாக் கேட்டாரு. எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. தடையில்ல, சாப்பிடுங்கன்னு சொல்லிட்டேன்." என்னைப் பார்த்தான். வகுப்பில் தவறான பதிலுக்குப்பின் பார்க்கும் அதே பார்வை. "பரிச அந்தக் கணக்குல போடலாம்னு யோசன சொன்னதே நான்தான். கையில குடுத்தா கம்பெனி அதுக்குமேல வரி கட்டணும், இதுல போட்டா மிச்சம். மேலதிகாரிங்க பாராட்டினாங்க. பிப்ரவரில அவரு என் அறைக்கு வந்துட்டுப் போனாரே, அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள தேடிப் பாத்துட்டேன். அவரு சொன்னது அத்தனையும் சரின்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் எழுந்து சாப்பிடப் போனேன்."

டோரி கூஜாவை மேசையில் வைத்தாள்.

"உங்க ரெண்டு பேரோடதும் தப்பாத்தான் போயிருக்கு" என்றான் டுவேனையும் ஹார்வையும் பார்த்து. "பதினஞ்சாம் தேதி இன்னும் வரல. மாத்தி எழுதலாம். சார்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன், பக்கத்துல உக்காந்திருக்கேன். வர்ற வரிய கம்பெனிதான் ஏத்துக்கணும்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன். ஏத்துக்கலன்னா நான் கட்டறேன். எனக்கு வேல இருக்குமான்னு தெரியல."

டுவேன் முட்கரண்டியைத் தட்டில் போட்டார். "நாசமாப் போச்சு. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேனேடா" என்றார். ஹார்வ் ஆர்லனுடைய நாற்காலியிலிருந்து தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ராட்னி என் பக்கத்தில் நடந்தான். "சார், அவரு வீட்டுக்கு நீங்களும் வரீங்களா?" என்றான். ஐம்பதைத் தாண்டியவன். அவன்மேல் எனக்கிருந்த அருவருப்பு அப்போதும் முழுதாகத் தீரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆயினும் போனேன்.

பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. கராஜ் கதவு திறந்திருந்தது. கோடைக்கு ஒதுக்கிவைப்பதற்காக ஆர்லன் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் மணையிட்டு உட்கார்ந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், வேலையை நிறுத்தவில்லை. ராட்னி வாசற்கோட்டுக்கு வெளியேயே நின்று, உணவகத்தில் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து மறுபடி சொன்னான். அங்கே சொன்னதைவிட இங்கே குரல் சிறுத்திருந்தது. சமையலறைக் கதவு திறந்து, மார்லிஸ் நூலும் கையுமாகப் படியில் வந்து நின்றாள்.

"யார் முன்னாடி சொன்ன?" என்றார் ஆர்லன்.

"டோரி கடைல. டுவேன், ஹார்வ், மேசைல இருந்த எல்லாரும்."

"என்னன்னு சொன்ன?"

"நீங்க கேட்டீங்கன்னு. நான் தெரியாமலே பதில் சொன்னேன்னு. அப்புறம் கேக்கலன்னு பொய் சொன்னேன்னு."

"நான் என்ன கேட்டேன்?"

ராட்னி ஒரு சொல்லும் தவறாமல், ஆர்லன் அன்று கேட்டதை அப்படியே ஒப்பித்தான். ஆறு மாதமாக அது அவனுக்கு நினைவில் இருந்திருக்கிறது. ஆர்லன் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி, தாளைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார். கடைசிவரை கேட்டார்.

மார்லிஸ் மெல்ல "ஆமென்" என்றாள். இந்தமுறை அதில் கேலி இருந்ததா என்று என்னால் சொல்ல இயலவில்லை.

ஆர்லன் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு மறுபடி திருகுக்குத் திரும்பினார். என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற ராட்னியின் கண் தரைக்குப் போயிற்று. அட்டையை அப்போதுதான் கண்டான். அவன் கையெழுத்தில் முதல் எழுத்தைத் தவிர மிச்சமெல்லாம் எண்ணெயில் கரைந்து கறுத்திருந்தது. உள்ளே வந்து, முழங்காலிட்டு, அதன் ஓரத்தைப் பிடித்து இழுக்கப் போனான்.

"அத எடுக்காத" என்றார் ஆர்லன். "இன்னும் சொட்டுது."

ராட்னி அட்டையைச் சொட்டு விழும் இடத்துக்கு நேராக மெல்ல நகர்த்தி வைத்தான். மேலிருந்து திரண்டுகொண்டிருந்த துளியை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.